மேடம் குரலில் நின்ற காற்று

கதவைச் சாத்தியதுமே அறைக்குள் முள்ளங்கி சாம்பார் வாசனை கெட்டிப்பட்டுவிட்டது. யாரோ முள்ளங்கி, யாரோ அவித்த முட்டை, யாரோ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், இருபது பேரின் மதியச் சாப்பாடும் இருபது பேரின் மூச்சோடு சேர்ந்து இந்தச் சின்ன அறைக்குள் உலாத்துகிறது, நான் விட்டதை நீ இழு, நீ விட்டதை நான் இழுக்கிறேன் என்று ஒரு விளையாட்டு மாதிரி, என்று நினைத்த சுடர்விழிக்கு அந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்ததே தான்தான் என்பது உடனே உறைத்து, சிரிக்கப் போன வாய் பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு அர்ச்சனை. காந்திபுரத்தில் பட்டுப்புடவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், தண்ணீர் ஃபில்டர் விற்கும் ஒரு கம்பெனிக்காகப் புகார் கேட்டு எழுதும் இந்தக் கால் சென்டரில் வாரா வாரம் இப்படித்தான். அந்த வாரத்தில் யார் பேசியது படுமோசமோ அந்தப் பேச்சின் பதிவை மேனேஜர் பரிமளா மேடம் எல்லார் முன்னாலும் ஓட விடுவார், பேசினவர் எழுந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் தப்பு எங்கே என்று சொல்ல வேண்டும். கோயிலில் பேர் நட்சத்திரம் சொன்னால் அர்ச்சனை, இங்கே பேர் ஐடி நம்பர் சொன்னால் அர்ச்சனை என்று குருக்கள் குரலில் மூக்கால் பாடிக் காட்டியது சுடர்விழிதான், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது, மேடமே ஒருநாள் வாய் தவறி ‘அர்ச்சனைக்கு எல்லாரும் வந்தாச்சா’ என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எவ்வளவு சிரிப்பு அன்றைக்கு. இன்றைக்கு எழுந்து நிற்பது ஜெசிந்தா அக்கா. மூன்று முறை எழுந்து நின்றவர்கள் அதற்கப்புறம் வேலைக்கு வருவதில்லை, அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வருவதில்லை. அக்காவுக்கு இது மூன்றாவது. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் தன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அக்கா நிற்கிறார், அந்தக் கைவிரல்கள் சுடர்விழியின் தோளுக்கு நேரே இருக்கின்றன, மோதிர விரலில் மாதா படம் போட்ட வெள்ளி மோதிரம், அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் கூரையைப் பார்த்தாள், கூரையில் காற்று வர வேண்டிய அந்தக் கம்பிச் சட்டம், அதையும் பார்க்க முடியாமல் கீழே தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

பதிவு ஓட ஆரம்பித்தது. “யம்மா, வணக்கம்மா, இது ஃபில்டர் கம்பெனிதான? எங்க வீட்டு மிஷின் அடியில ஒழுகுதும்மா, நேத்து ராத்திரிலருந்து சட்டி வச்சு புடிச்சிக்கிட்டு கெடக்கோம்.” திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர். அந்த இழுவையைக் கேட்டதுமே சுடர்விழியின் நாக்கு வாய்க்குள் தானாகத் திரும்பிப் படுத்து, ‘கெடக்கோம்’ என்று ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தது. அதைத் தடுக்க அவளால் முடிவதில்லை. யார் பேசினாலும் அவர்கள் நிறுத்துவதற்குள் அவள் தொண்டை அவர்களாகிவிடும். மதுரைக்காரர் கோபமாகக் கூப்பிட்டால் மதுரை, நாகர்கோவில் டீச்சர் கூப்பிட்டால் நாகர்கோவில், பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் ‘இன்று மதியம் விடுமுறை’ என்று சொல்லி ஆறாம் வகுப்பு முழுவதையும் கேட் வரைக்கும் ஓட வைத்தவள். வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா எடுத்ததும் கேட்பது, ‘யாருடி பேசறது, நீயா, இல்ல வேற யாராச்சுமா?’ அம்மா விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள். ஆனால் கொஞ்ச நாளாக அந்தக் கேள்வி, பல் இடுக்கில் மாட்டிக்கொண்ட மாங்காய் நார் மாதிரி, நாக்குப் போகும் இடமெல்லாம் தட்டுப்படுகிறது. “சொல்லுங்க சார், உங்க முகவரி சொல்லுங்க,” இது ஜெசிந்தா அக்கா, பதிவில். அக்காவின் குரல் முன்பு இப்படி இருக்காது. போன வருடம் சுவரில் ஒட்டிய பட்டியலில் அக்கா பேர்தான் மேலே இருக்கும், ஒரு புகாரைக் கேட்டு, எழுதி, ஆளை அனுப்பி முடிப்பதற்குள் கூப்பிட்டவர் வீட்டுப் பேத்தியின் பேர்கூட அக்காவுக்குத் தெரிந்துவிடும். இப்போது பட்டியலில் மேலே இருப்பது சுடர்விழி. மாதத்தின் சிறந்த குரல் என்று போட்டோவோடு ஒட்டியிருக்கிறார்கள். பின்னணி இரைச்சல் இல்லாத தெளிவான குரலாம். இரைச்சல் எப்படி இல்லாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை. போட்டோவில் அவள் பல் தெரியச் சிரிக்கிறாள், தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பல்லைப் பார்க்காமல் போக வேண்டியிருக்கிறது.

அந்த இரைச்சல், அது மொட்டை மாடியில் இருக்கும் பெரிய ஃபேனின் சத்தம். இந்த மாடிக்கு ஜன்னல் கிடையாது, ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, திறக்க முடியாத கண்ணாடி, கீழே பஸ்ஸெல்லாம் சத்தமில்லாமல் போகும். ஏசி குளிர்விக்கும், ஆனால் உள்ளே இருக்கிற காற்றையேதான் இழுத்து இழுத்துக் குளிர்விக்கும். புதுக்காற்று வேண்டுமென்றால் மாடி ஃபேன்தான் வெளியிலிருந்து இழுத்துத் தகரக் குழாய் வழியாக இந்தக் கம்பிச் சட்டங்களில் ஊத வேண்டும், மொத்த ஆபீசுக்கும் அதுதான் மூக்கு. இதெல்லாம் அப்போது அவளுக்குத் தெரியாது. அப்போது தெரிந்ததெல்லாம், தன் தலைக்கு மேலே ஒன்று கடகட கடகடவென்று நாள் முழுக்கப் பேசுகிறது, கூப்பிடுகிறவர்கள் ‘என்னம்மா மாவு மில்லுல உக்காந்திருக்கியா’ என்று கேட்கிறார்கள், மாதக் கடைசியில் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். ஒரு மதியம் மேடம் கீழே கடையில் புதுப் புடவை வந்திருக்கிறதென்று பார்க்கப் போயிருந்தார், கேபின் திறந்து கிடந்தது, தன்சீரும் கவினும் பக்கத்து சீட்டுப் பிரேமாவும் சுற்றி நின்றார்கள். “ஏ சுடரு, மேடம் மாதிரி ரங்கண்ணனைக் கூப்பிட்டுப் பேசு பாக்கலாம், கண்டுபுடிக்கலைன்னா நான் உனக்கு பப்ஸ்,” என்றான் தன்சீர். ரங்கசாமி அண்ணன் கட்டிடத்துக்கு எலக்ட்ரீசியன், கீழே மீட்டர் அறையில் இருப்பார், மாடி ஃபேனின் ஸ்விட்சும் அங்கேதான். அவள் இண்டர்காமை எடுத்தாள். தொண்டையில் ஒரு சின்னச் சொடுக்கு, மேடத்துக்கு எந்தப் பேச்சையும் ஆரம்பிக்கும் முன் ஒரு சொடுக்கு உண்டு, அப்புறம், “இதப் பாருங்க ரங்கசாமி, மாடியில அந்த ஃபேன் காதுக்குள்ள ரம்பம் விட்டாப்ல இருக்குது. நிறுத்திருங்க. நான் சொல்ற வரைக்கும் போடக்கூடாது.” “சரிங் மேடம்,” என்றார் ரங்கண்ணன், அவ்வளவுதான், கண்ணைச் சிமிட்டுவதற்குள் தலைக்கு மேலே கடகட தேய்ந்து, கட, கட, நின்றது. கவின் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிரேமாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் மை கலைந்தது. சுடர்விழிக்கு அந்த அமைதி எவ்வளவு பிடித்திருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் போடச் சொல்லலாம் என்றுதான் இருந்தாள், அதற்குள் மேடம் புடவைப் பையோடு வந்துவிட்டார், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள், நாளைக்கு மதிப்பெண் ஏறியது, அதற்கடுத்த நாள் பப்ஸ் வந்தது, சூடான முட்டை பப்ஸ், அதன் சுவைகூட நாக்கில் இருக்கிறது, கேவலம், அதன் சுவைகூட இருக்கிறது. அப்புறம் மழைக்காலம் வந்து போய், பொங்கல் வந்து போய், வெயில் வந்துவிட்டது.

“யம்மா, முகவரி எழுதிக்கிட்டியளா? பாளையங்கோட்டை, மேட்டுத்திடல் பக்கம்…” பதிவில் பெரியவர் சொல்லிக்கொண்டே போகிறார், அக்காவிடமிருந்து ஒரு ‘ம்ம்’ வருகிறது, அப்புறம் இன்னொரு ‘ம்’, அப்புறம் எதுவும் இல்லை. மூச்சு மட்டும். மைக்குக்கு மிகப் பக்கத்தில், சீராக, இடையில் ஒரு மெல்லிய விசில் கலந்து, தூங்குகிறவர்களின் மூச்சு. அறையில் யாரோ மூக்குக்குள் சிரித்தார்கள். பரிமளா மேடம் ஒரு விரலை உயர்த்தி, கேளுங்க என்பதுபோல் காட்டினார். கேட்காமல் என்ன செய்வது, இந்த அறையில் மூச்சைத் தவிர வேறு என்ன இருக்கிறது, பதிவில் அக்காவின் மூச்சு, இங்கே பக்கத்தில் நிற்கும் அக்காவின் மூச்சு, இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கப் பார்ப்பதுபோல் இருந்தது. சுடர்விழிக்குக் கண் சொருகியது. எல்லாருக்கும்தான். மதியம் மூன்று மணியானால் ஒரு கொட்டாவி வாசல் பக்கத்தில் கிளம்பி சீட் சீட்டாகத் தாவி அவள் சீட் வரைக்கும் வரும், நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் வலி, கீழே போய் டீக்கடை முன்னால் ரோட்டுப் புழுதியில் நின்று ஒரு டீ குடித்தால் தலை தெளியும், மேலே வந்து அரைமணியில் மறுபடி அதே கட்டைவிரல். பிரேமா தாராபுரத்துக்கு அனுப்ப வேண்டிய ஆளைத் தர்மபுரிக்கு அனுப்பினாள். கவின் ஒரே புகாரை மூன்று தடவை எழுதிவிட்டு, நான்காவது தடவை ‘இவங்க வீட்ல இத்தனை மிஷினா’ என்று வியந்தான். மேடம் சோம்பேறித்தனம் என்றார், காபி மெஷின் வாங்கி வைத்தார், மாலையில் எல்லாரையும் எழுப்பிக் கைதட்டி விளையாட வைத்தார், கைதட்டினதில் இன்னும் மூச்சு வாங்கியது. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது சுடர்விழி போனில் தேடிப் பார்த்தாள், மூடிய அறையில் புதுக்காற்று வராவிட்டால் விட்ட மூச்சே தேங்கி, தலைவலி, தூக்கம், யோசனை மந்தம், இழுப்பு இருக்கிறவர்களுக்கு இழுப்பு கூடும் என்று போட்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் நல்ல காற்று. போனை அணைத்துப் பைக்குள் போட்டு, பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள், உள்ளே இருப்பது யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல்.

இழுப்பு இருக்கிறவர்கள் என்று அதில் இருந்ததை அவள் வாசிக்கவே தேவையில்லை, அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஜெசிந்தா அக்காவின் இருமல்: சின்னதாக இரண்டு, நடுவில் ஒரு நிறுத்தம், அப்புறம் நீளமாக ஒன்று அடிவயிற்றிலிருந்து ஏறி மேலே வந்து விசிலாக முடியும், அதற்கப்புறம் இன்ஹேலர், புஸ், அதற்கப்புறம், “மாதாவே, காத்தே இல்லியே இந்த ரூம்புல.” ஃபேன் நின்ற சில வாரத்தில் சுடர்விழி அதைப் பிடித்துவிட்டாள். டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டி ஒரு புஸ் வரவழைக்கக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை செய்து காட்டியபோது அக்காவே விழுந்து விழுந்து சிரித்தார், “ஏ புள்ள, நான் இப்படியா இருமறேன், எங்க வீட்டுக்காரர் கேட்டா உன்னைக் கூட்டிட்டுப் போயிருவாரு, என்னை இங்க விட்டுட்டு,” என்றார். அதுதான் அனுமதி என்று அவள் எடுத்துக்கொண்டாள். தினமும் செய்தாள். அக்கா மேடத்திடம் போய்க் காற்று வரவில்லை என்று சொல்லப் போகும் நேரம் பார்த்துச் செய்தாள், அறை சிரித்தது, அக்கா பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். அது தற்செயலா? தற்செயல்தான் என்று அவள் எத்தனையோ தடவை தனக்குச் சொல்லிவிட்டாள். ஃபேனைப் பற்றி மேடம் விசாரித்துவிடக்கூடாது என்கிற பயம் அதில் ஒரு ஓரத்தில் இருந்ததா? ஒரு ஓரத்தில்கூட இல்லை என்று சொல்ல முடியுமா? ஒருநாள் சுடர்விழி கழிப்பறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள், ஆபீசுக்குள் இருமல் கேட்டது, சின்னதாக இரண்டு, நிறுத்தம், நீளமாக ஒன்று, அறை மொத்தமும் சிரித்தது, “போதும் சுடரு, வயிறு வலிக்குது,” என்று யாரோ சொன்னார்கள். அவள் கதவருகே நின்றாள். அக்கா மேஜையில் குனிந்து, ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பைக்குள் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிஜத்துக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், அவள் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள். அன்றிலிருந்து அக்கா இருமல் வந்தால் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவார், போனவர் வர நேரமாகும், சீட்டில் இல்லாத நேரம் என்று அதையும் கணக்கில் பிடித்தார்கள்.

பதிவில் இன்னும் மூச்சுதான். பிறகு பெரியவரின் குரல், மெதுவாக, “யம்மா? லைன்ல இருக்கியளா?” காத்திருக்கிறார். பின்னால் பாத்திரம் வைக்கும் ஓசை, ஒரு பொம்பளைக் குரல், “என்னவாம், ஆள் வாரானாமா?” அதற்குப் பெரியவர் இன்னும் மெதுவாக, “ஏட்டி, சத்தங்காட்டாத. அந்தப் புள்ள அசந்துட்டு.” “போன்லயா?” “என்ன பாடோ, பாவம். கட் பண்ணுனா மணி அடிச்சு முழிச்சிரும். செத்த நேரம் கெடக்கட்டும்.” அதற்கப்புறம் அவரும் பேசவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒழுகுகிற மிஷின் அடியில் சட்டியை வைத்துவிட்டு, எங்கோ பாளையங்கோட்டையில் ஒரு மனிதர் முன்பின் தெரியாத ஒருத்தியின் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறார், சட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது பதிவில் கேட்டது. சுடர்விழியின் நாக்கு இந்தக் குரலைச் சொல்லிப் பார்க்கவில்லை. ‘கெடக்கட்டும்’ என்கிற அந்தச் சொல்லைத் தூக்கி வாயில் வைக்க முயன்றாள், அது வரவில்லை, முதல்தடவையாக ஒரு குரல் அவளுக்கு வரவில்லை, காதுமடல் சுட்டது, கழுத்து சுட்டது, சட்டைக்காலருக்குள் வியர்வை இறங்கியது, குளிர் அறையில். இவர் முகம்கூடப் பார்க்காதவர். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அக்கா பாக்ஸிலிருந்து எலுமிச்சைச் சாதம் வாங்கித் தின்றவள். சொல்லிவிடலாம், இப்போதே எழுந்து சொல்லிவிடலாம், என்ன சொல்வது, ஃபேனை நான்தான் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினாய், பப்ஸுக்காக. இந்தச் சொல்லை இருபது பேர் முன்னால் எப்படிச் சொல்வது. முன்பு ஒருநாள் முயன்றாள், மேடம் இல்லாதபோது கேபினுக்குள் போய் இண்டர்காமை எடுத்துவிட்டாள்கூட, “சொல்லுங் மேடம்” என்று ரங்கண்ணன் குரல் வந்தது, தொண்டையில் சொடுக்கு வந்தது, ‘இதப் பாருங்க’ வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை, இதே பொய்யால்தானே நிறுத்தினாய் என்று தோன்றியது, வைத்துவிட்டாள். அன்றைக்குப் பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய்யால் வந்த காற்றென்றால் அக்காவின் நெஞ்சு வேண்டாமென்றா சொல்லும். யோக்கியமானவள் மாதிரி நின்றுவிட்டு அதற்கப்புறம் வந்து மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள்தானே.

மேடம் பதிவை நிறுத்தினார். தொண்டையில் சொடுக்கு. “இதப் பாருங்க. கஸ்டமர் லைன்ல இருக்காரு, இவங்க தூங்கறாங்க. ஏன் ஜெசிந்தா, வீட்ல தூங்கறதில்லையா?” “தூங்கறேன் மேடம்,” என்றார் அக்கா, “இங்க உக்காந்தா தலை கிர்ருங்குது மேடம், காத்து…” “காத்து, காத்து. எல்லாரும் இதே ரூம்ல தானே இருக்கோம். ஏசி ஓடுது, இல்லையா?” நாற்காலி முதுகில் இருந்த அக்காவின் விரல்கள் ஒருமுறை இறுகித் தளர்ந்தன. மேடம் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம், அவருக்கும் சாயங்காலம் தலைவலி, கேபினில் தைலம் வாசனை வரும். அவர் சுற்றிப் பார்த்தார், தூங்கி வழியும் முகங்கள், எப்படி இவர்களை எழுப்புவது என்று தேடிய கண் சுடர்விழிமேல் வந்து நின்றது, நின்றதும் முகத்தில் ஒரு சிரிப்பு. “சுடர், நீ எந்திரிம்மா. ஜெசிந்தா எப்படிப் பேசினாங்கன்னு செஞ்சு காட்டு. கேட்டாத்தான் அவங்களுக்கு உறைக்கும்.” அறை விழித்துக்கொண்டது. நாற்காலிகள் நிமிர்ந்தன. “சுடரு, இருமலோட,” என்று பின்வரிசையில் ஒரு குரல், “புஸ் வேணும், டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வரட்டா?” என்று இன்னொரு குரல். அவள் எழுந்தாள். முழங்கால் நாற்காலியில் இடித்தது. தொண்டைக்குள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள், குருக்கள், ஹெட்மாஸ்டர், மதுரைக்காரர், நாகர்கோவில் டீச்சர், எல்லாருக்கும் முன்னால் அக்காவின் இருமல், சின்னதாக இரண்டு, தயாராக, பழகின நாய் வாசலில் நிற்பதுபோல். அவள் வாயைத் திறந்தால் அது ஓடி வந்துவிடும். பக்கத்தில் அக்கா அவளைப் பார்க்கவில்லை, செய்து தொலை என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு சொல், அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தொண்டையில் சொடுக்கு வந்தது.

“இதப் பாருங்க ரங்கசாமி,” என்றாள், “மாடியில அந்த ஃபேன் காதுக்குள்ள ரம்பம் விட்டாப்ல இருக்குது. நிறுத்திருங்க. நான் சொல்ற வரைக்கும் போடக்கூடாது.” அச்சு அசலாக. ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை, இரண்டு பேர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். தன்சீர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான். பிரேமா கையால் வாயைப் பொத்தினாள். “தீபாவளிக்கு முன்னாடி, மேடம்,” சுடர்விழியின் வாயிலிருந்து இப்போது வந்தது யாருடையதும் இல்லாத ஒரு குரல், மெலிந்து, நடுவில் உடைந்து, “நீங்க கீழ புடவை பாக்கப் போயிருந்தீங்க. நான் உங்க மாதிரி பேசினேன். வெளிக்காத்து உள்ள வர்ற ஃபேன் அது. அன்னிலருந்து அது ஓடலை. அக்கா தூங்கினது அதனாலதான். எல்லாரும் தூங்கறது அதனாலதான்.” சொல்லிவிட்டாள். இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். இடி விழவில்லை. மேடம் அவளைப் பார்த்தபடி இருந்தார், அவர் கண் ஏதோ ஒரு நாளைத் தேடிப் போய், கிடைக்காமல், வேறெதையோ தொட்டுத் திரும்பி வந்தது. “அது நான் சொன்னதுதான்,” என்றார். “ரங்கசாமி நடுவுல ஒருநாள் வந்து போடட்டுங்களான்னு கேட்டாரு. வேண்டாம், நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு நானே சொன்னேன். அதுக்கு முன்னாடியே கரண்ட் பில் குறைஞ்சிருக்குன்னு ஹெட் ஆபீஸ்ல இருந்து பாராட்டி மெயில் வந்துச்சு. இதுல நீ எங்கம்மா வந்தே? உட்காரு.” அப்படியானால் அவர் தனக்கு நினைவில்லாத ஓர் ஆணையை, பாராட்டு வந்ததும், தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். சுடர்விழிக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பு அவள் கையைவிட்டுப் போய்விட்டது, அதற்கு வேறு சொந்தக்காரர் வந்துவிட்டார், மெயிலோடு, உட்கார்ந்தால் போதும். அந்த நிம்மதி எவ்வளவு வேகமாக, எவ்வளவு இனிப்பாக வந்தது என்பதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது, இதுவரை பட்டதெல்லாம் மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம், அதற்குத் தான் வைத்த பேர்தான் வெட்கம் என்று பட்டது. அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்கார் என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

அறைச் சுவரில் ஓர் இண்டர்காம் உண்டு. நாற்காலிகளுக்கு நடுவே முழங்கால்களை இடித்துக்கொண்டு அவள் அதனிடம் போனாள். மேடம் “சுடர்” என்றார், அவள் நிற்கவில்லை. எடுத்தாள். “சொல்லுங்,” என்றார் ரங்கண்ணன், அந்தப் பழைய போனில் எதிர்முனைப் பேச்சு அறைக்கே கேட்கும். “ரங்கண்ணா, நான் சுடர்விழி பேசறேன். மாடி ஃபேனைப் போடுங்க.” “எந்தச் சுடர்விழிங்?” “மூணாவது மாடி, அண்ணா. தினமும் லிஃப்ட்ல பாப்பீங்களே.” “அந்தப் புள்ளைங்களா? அது இப்படிப் பேசாதுங்களே. யாருங் விளையாடறது?” தன்னுடையது என்று சொல்லிக் காட்ட அவளிடம் வேறு குரல் இல்லை. “நான் சொல்ற வரைக்கும் போடக்கூடாதுன்னு மேடமே சொல்லியிருக்காங். அவங்க சொன்னாத்தானுங் போடுவேன்.” மேடத்தின் குரல் இதோ தொண்டையில் இருக்கிறது, ஒரு சொடுக்கு, மூன்று சொல், காற்று வந்துவிடும், யாரும் அவளைத் தடுக்கப் போவதில்லை. அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, ஒயர் எட்டும் மட்டும் இழுத்து, இரண்டு கையாலும் மேடத்தை நோக்கி நீட்டினாள். “அல்லோ, மேடம் இருக்காங்களா?” என்று கையிலிருந்து கேட்டது ரங்கண்ணன் குரல். இருபது பேரும் ரிசீவரையே பார்த்தார்கள், மேடமும் அதைத்தான் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார், நாற்காலி முதுகைப் பற்றியிருந்த விரல்களை, அவற்றின் வெளுத்த நகங்களை. எழுந்து வந்து வாங்கினார். சொடுக்கு வரவில்லை, ‘இதப் பாருங்க’ வரவில்லை. “ரங்கசாமி, ஃபேனைப் போடுங்க.” “மேடம், நிஜமா நீங்கதானுங்களா?” மேடம் ரிசீவரை வாய்க்கு நெருக்கினார். “நான்தான்,” என்றார், சின்னக் குரலில்.

மேலே முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் எங்கோ தூரத்தில் கட. ஒரு இடைவெளி. கட, கட. தகரக் குழாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உறுமியது, கம்பிச் சட்டத்திலிருந்து அத்தனை மாதத் தூசியும் பொதபொதவென்று கொட்டி, அதன் பின்னாலேயே டீக்கடைப் பாலும் பஸ் புகையும் வெயிலும் கலந்த காற்று அறைக்குள் இறங்கியது. தூசி பட்டதும் இருமல் கிளம்பியது. சின்னதாக இரண்டு. நிறுத்தம். இருபது தலைகளும், மேடத்தின் தலையும், பழகின பழக்கத்தில் சுடர்விழியின் பக்கம் திரும்பின. அவள் சுவரோரம், தூசிக்கு நேர் கீழே, எல்லாரும் பார்க்கும்படி உதடுகளை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தொண்டை அரித்தது, கண்ணில் நீர் வந்தது, மூடியேதான் நின்றாள், நீளமான அந்த ஒன்று அடிவயிற்றிலிருந்து ஏறி மேலே வந்து விசிலாக முடிகிற வரைக்கும். அதற்குள் தலைகள் ஒவ்வொன்றாக, மெதுவாக, ஜெசிந்தா அக்காவை நோக்கித் திரும்பிவிட்டன. அக்கா கழிப்பறைக்கு ஓடவில்லை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, எல்லார் எதிரிலும் இன்ஹேலரைத் தேடி எடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.